நின்றே கெடும் கார்: எப்போதாவது ஓட்டும் பழைய வண்டியைப் பார்த்துக்கொள்வது எப்படி?

"எம்மா, தினமும் காலைல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் போட்டு ஆஃப் பண்ணிரு. வண்டி கெடாது, கேட்டியா." வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் போனில் இப்படிச் சொல்வதும், ஊரில் இருக்கும் அம்மா அதைத் தட்டாமல் செய்வதும் குமரி மாவட்டத்தில் வழக்கம்தான். ஷெட்டில் அப்பா வாங்கிய அம்பாசடரோ, பத்மினியோ, முதல் தலைமுறை மாருதி 800-ஓ நிற்கும். அடுத்த லீவுக்கு மகன் வந்து பார்த்தால் பேட்டரி தளர்ந்திருக்கும், சைலன்சரில் ஓட்டை விழுந்திருக்கும், ஆயில் குழம்பிப் போயிருக்கும். இத்தனைக்கும் அம்மா ஒரு நாள்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார். கோளாறு அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் இருக்கிறது.

பெட்ரோல் எரியும்போது புகையோடு தண்ணீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். என்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகப் பின்னால் போய்விடும். குளிர்ந்த வண்டியில் அந்த ஆவி சைலன்சருக்குள்ளேயே நீராகித் தங்கி, தகரத்தை உள்ளிருந்து அரிக்கும். இன்னொரு பங்கு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கும். கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்வதால் எரியாத பெட்ரோலும் கூடவே போகும். என்ன ஆகியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெளிறிய மஞ்சள் நிறத்தில் குழைவாக ஏதோ அப்பியிருக்கும். ஆயிலும் தண்ணீரும் கலந்த சேறு அது. மூடியில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயில் அளக்கும் கம்பியிலும் அதே நிறம் வந்தால் என்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள்.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டது, என்ஜின் சூடாகிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. முள் காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை. ஆயில் அதற்கப்புறம் மெதுவாகத்தான் சூடேறும். ரோட்டில் இருபது முப்பது நிமிஷம் ஓடினால்தான் அதில் கலந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். பேட்டரி கதையும் இதேதான். ஒரு தடவை செல்ஃப் அடிக்க ஏகப்பட்ட கரண்ட் செலவாகிறது. பழைய அம்பாசடர், பத்மினிகளில் இருப்பது ஆல்டர்நேட்டர் அல்ல, டைனமோ. ஐடிலிங்கில் அது பேட்டரிக்குக் கொடுப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். தினமும் எடுத்துக்கொண்டே இருந்து, திருப்பிக் கொடுக்காமல் விட்டால் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே என் கட்சி இதுதான்: ஓட்டினால் ஒழுங்காக ஓட்டுங்கள், இல்லையென்றால் சாவியையே தொடாதீர்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது, நாலாவது கியரில் ஓடும்படி ஒரு ஓட்டம். நாகர்கோவிலில் இருப்பவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் காற்றாலைகள் வரை போய்த் திரும்பலாம், சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரிக்கும் போகலாம். ஊருக்குள் சிக்னலிலும் நெரிசலிலும் முக்கால் மணி நேரம் ஊர்ந்தது கணக்கில் வராது. இதற்கு ஆளில்லை, மாதக்கணக்கில் நிற்கத்தான் போகிறது என்றால் அதற்கென்று தயார் செய்து நிறுத்துவதே மேல்.

உப்பும் ஈரமும்

பழைய காரை வைத்துக்கொள்ள நம் மாவட்டம் அவ்வளவு தோதான இடமில்லை. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையையும் வாங்குகிறோம். கூடவே கடல் காற்று. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரத்தின்மேல் படியும் உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். மழையே பெய்யாத இரவிலும் உங்கள் காரின் அடிப்பக்கம் உப்புத் தண்ணீரில் நனைந்துதான் இருக்கும்.

துரு முதலில் பிடிக்கும் இடங்கள் கண்ணில் படாதவை. கதவின் அடி ஓரம், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி, கால்மிதிக்கு அடியில் உள்ள தரை, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளம். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். புழுதியும் இலைத்தூளும் அடைத்தால் மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும். ஒரு மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும், காசு செலவில்லாத வேலை. மழைக்காலம் முடிந்ததும் கால்மிதியை எடுத்து வெயிலில் போட்டு, தரையைக் கையால் தடவிப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் ஓட்டி வந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மேலே பளபளப்பாகத் துடைத்துவிட்டு அடியை விட்டுவிடுவதுதான் நாம் எல்லோரும் செய்வது.

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பது துருவை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் வண்டியிலேயே படியும். காற்று போய்வரும் துணிக் கவர் போடுங்கள். நல்ல கூரையுள்ள ஷெட் இருந்தால் அதுகூட வேண்டாம். மண் தரை என்றால் தடித்த ஷீட் ஒன்றைக் கீழே விரித்து அதன்மேல் நிறுத்தலாம். பழைய என்ஜின் ஆயிலை அடியில் அடித்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது ரப்பர் புஷ்களை ஊதிப்போகச் செய்யும், போதாததற்குத் தரையெல்லாம் ஒழுகும். துருப்பிடித்த தகரத்தின்மேல் கருப்புக் கோட்டிங் அடிப்பது அதைவிட மோசம். வெளியே புதுசு போலத் தெரியும், உள்ளே அரிப்பு நிம்மதியாக நடக்கும். துருவைச் சுரண்டி, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் கோட்டிங்.

குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கத்து ரப்பர்த் தோட்ட வீடுகளில் உப்பு குறைவு. அங்கே வேறு தொல்லை: சீட்டில் பூஞ்சணம், பானட்டுக்குள் எலி. வயர்களைக் கடிப்பதோடு ஏர் கிளீனருக்குள் கூடும் கட்டிவைக்கும். பானட்டைத் திறந்தே வைத்தால் வெளிச்சத்துக்கு எலி அவ்வளவாக வராது என்று சிலர் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பலன் தரும் பழக்கம்தான். எதற்கும் நாள்பட நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன் ஏர் கிளீனரை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

டாங்கில் நிற்கும் பெட்ரோல்

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். என்ஜினுக்கு முதலில் போவது அந்த அடித்தண்ணீர்தான். இரும்பு டாங்க், பெட்ரோல் பாயும் சின்னத் துளையுள்ள பித்தளை ஜெட், அலுமினியக் கார்புரேட்டர் எல்லாவற்றையும் அது அரிக்கும். எத்தனால் கலக்காத காலத்தில் செய்த ரப்பர் ஹோஸ்களும் பம்பின் டயாஃப்ரமும் விறைத்து வெடிக்கும், அல்லது உப்பிப் போகும். இதில் விளையாட்டு வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் பைப்பின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டி எரிந்துவிடும். பழைய வண்டி வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் செலவு, டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எத்தனால் தாங்கும் புது ஹோஸும் புதுக் கிளிப்பும். இரண்டாவது செலவு, கைக்கெட்டும் இடத்தில் ஒரு சின்னத் தீயணைப்பான்.

டாங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா? ஒன்றிரண்டு மாதத்துக்குள் எடுப்பீர்கள் என்றால் நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று குறைவாக இருந்தால் ஈரமும் குறைவு, டாங்க் துருப்பிடிக்காது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்றால் வடித்து எடுத்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. பழைய பெட்ரோலை மூக்கே சொல்லிவிடும். புதுப் பெட்ரோலின் காரமான வாடை போய், வார்னிஷ் வாடை அடிக்கும். அதை எரிக்க முயல வேண்டாம்.

ரேடியேட்டரைப் பற்றி ஒரு வரி. "இங்க என்ன பனியா உறையுது, கூலண்ட் எதுக்கு?" என்று கேட்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவார்கள். கூலண்டின் இன்னொரு வேலை உள்ளே துருவும் சுண்ணாம்பும் படியாமல் பார்த்துக்கொள்வது. நமக்கு வேண்டியது அதுதான். கடலோரத்து போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஸ்டார்ட் ஆவதற்கு முன் நிற்க வேண்டும்

நாள்பட நின்ற காரை எடுக்கும் அன்று எல்லோருக்கும் என்ஜின் சத்தம் கேட்கத்தான் ஆசை. பிரேக்கைப் பார்ப்பது அதற்கும் முன்னால். பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவமும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 தரத் திரவம் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். பேச்சிப்பாறை, கோதையாறுப் பக்கம் இறக்கத்தில் தொடர்ந்து மிதித்து வரும்போது திரவம் கொதித்து ஆவியானால் பெடல் சும்மா உள்ளே போகும். அதே ஈரம் வீல் சிலிண்டரையும் அரித்து இறுக்கிவிடும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் கணக்கு.

பெடலை அழுத்திப் பிடித்து அரை நிமிஷம் பாருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. மெத்தென்று இருந்தால் காற்று ஏறியிருக்கிறது. நாலு சக்கரத்தின் உள்பக்கமும் ஈரக்கசிவு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினால் நாலும் போச்சு. இந்தக் காலத்து வண்டியில் ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும் என்ற தைரியத்தில் பழகியவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டு விட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவையுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயவே இல்லை, டயர் புதுசு என்று விற்பவர் சொன்னால் இந்த எண்ணைப் பாருங்கள். பத்து வருஷம் ஆனது என்றால் பூ எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

எதையாவது கழற்றும் முன் வண்டி என்ன செய்கிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்கவில்லையா, "டக்" என்று ஒரு சத்தம் மட்டுமா, அல்லது என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லையா? மூன்றும் மூன்று கோளாறு.

முதல் இரண்டும் பெரும்பாலும் பேட்டரி சம்பந்தப்பட்டவை. மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும், விலை அதிகமில்லை. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4-க்கு வந்தால் சார்ஜ் போட வேண்டும். 12-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும், அப்புறம் சார்ஜ் ஏறாது. மீட்டர் இல்லையென்றால் ஒரு எளிய வழி: ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். லைட் அப்படியே மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, இல்லையேல் டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. லைட் கொஞ்சமும் மங்காமல், சத்தமும் வராமல் இருந்தால் கரண்ட் செல்ஃப் மோட்டாருக்கே போகவில்லை. சுவிட்ச், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சோலினாய்டு, வயர் என்று தேட வேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். "பேட்டரி போச்சு" என்று மாற்றப்படும் பேட்டரிகளில் சில இந்தக் கழுவலுக்கே சரியாகியிருக்கும். பேட்டரியிலிருந்து என்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயரையும் அப்படியே பாருங்கள். உப்புக்காற்றில் முதலில் கறுப்பது அதுதான். பழைய பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பாசிட்டிவ் பக்கம் பாடியில் எர்த் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் வயர் கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இங்கேதான் ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். இரண்டே கேள்வி: ஸ்பார்க் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா? முதலில் ஸ்பார்க். அக்கம்பக்கத்தில் பெட்ரோல் ஒழுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பை என்ஜினில் படும்படி வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பலாக வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ, ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போங்கள். மழைக்காலத்தில் பாதிப் பிரச்சினை அதன் மூடிக்குள்தான். இரண்டு கிளிப்பைத் தள்ளினால் மூடி கையோடு வரும். உள்ளே வியர்த்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து மாட்டிப் பாருங்கள், சில நேரம் அதற்கே ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவில்லையென்றால் அடுத்தது பாயிண்ட், அதாவது உள்ளே திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் சின்ன சுவிட்ச். சும்மா நிற்கும் வண்டியில் அதன் முகத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம் படியும், கரண்ட் பாயாது. சாவியை அணைத்துவிட்டு, நைஸ் எமரி ஷீட்டை இரண்டு முகத்துக்கும் நடுவில் விட்டு இரண்டு இழுப்பு, பிறகு சுத்தமான பேப்பரை விட்டு ஒரு இழுப்பு. முழுதாகத் திறக்கும்போது இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் விசிட்டிங் கார்டை விட்டுப் பார்ப்பார்கள், வீடு வந்து சேர அது போதும். இன்னொன்று: என்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்து அப்படியே விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால், ஸ்பார்க்குக்கு வோல்டேஜை உயர்த்தும் காயில் சூடாகி எரிந்துபோகும்.

ஸ்பார்க் சரி என்றால் பெட்ரோல். சில வாரம் நின்றாலே கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் ஆவியாகிவிடும். என்ஜின் சுற்றினால்தான் வேலை செய்யும் மெக்கானிக்கல் பம்ப் அதைத் திரும்ப நிரப்ப நேரம் எடுக்கும். பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள். பத்து விநாடி அடித்தால் அரை நிமிஷம் ஓய்வு. சில பம்புகளில் கையால் அடிக்கும் சின்ன லீவர் இருக்கும், அதை அடித்தே நிரப்பலாம். பம்பிலிருந்து வந்தும் ஓடவில்லையென்றால் ஜெட் அடைத்திருக்கும், அல்லது கிண்ணத்துக்குப் பெட்ரோலைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசி ஒட்டியிருக்கும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், காயில், பாயிண்டோடு இணைந்த கண்டென்சர், கார்புரேட்டர் ட்யூனிங் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் வண்டி ஓடினாலும் எது கோளாறு என்று தெரியாது. ஓடாவிட்டால் புதிதாக எதைக் கெடுத்தோம் என்றும் தெரியாது. புதுக் கண்டென்சரே பழுதாக வருவது உண்டு, ஆகவே பழையதைத் தூக்கி எறியாமல் டிக்கியில் போட்டுவையுங்கள்.

வருஷக்கணக்கில் நின்ற வண்டி வேறு ரகம். ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போக வேண்டியதை மீட்டு வந்திருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. ஆயிலை மாற்றி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். அம்பாசடருக்கு முன்பக்கம் ஹேண்டில் போடும் வசதி இருப்பது இங்கேதான் கைகொடுக்கும். லேசாகச் சுற்றினால் பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் வரவிட்டு, அதன்பின் ஸ்டார்ட். இறுகி நின்றால் பலம் காட்டாமல் இன்னும் ஊறவிடுங்கள்.

ஓடி வந்த பின்பும் ஒரு ஐந்து நிமிஷ வேலை இருக்கிறது. நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசுகிறது. அப்புறம் அட்டை ஒன்றை வண்டிக்கடியில் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். கறுப்புத் துளி என்ஜின் ஆயில். பழைய அம்பாசடர் ஒன்றிரண்டு சொட்டுவிடும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். பச்சையோ ஆரஞ்சோ கூலண்ட்; ஹோஸ் கிளிப்பை இறுக்குங்கள். சக்கரத்துக்கு உள்பக்கம் எண்ணெய்ப் பசையோடு வெளிறிய ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயில், மெக்கானிக் வரும்வரை வண்டி நகரக் கூடாது. அட்டையில் கறையே இல்லாமல் ஷெட்டில் பெட்ரோல் வாடை மட்டும் வந்தாலும் அப்படித்தான். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஹோஸைத் தடவித் தடவி ஒழுக்கைக் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த ஓட்டம்.